மேடம் என்ன சொன்னாங்க

டிசம்பர் 2, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. வங்கியில் பென்ஷன் வாங்க வந்த கூட்டம், எனக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

இரவு தயாளன் ஒரு அழைப்பிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவர் கம்பெனி ஓசூருக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். ஜனவரி பதினொன்றாம் தேதி பெங்களூரில் ஒரு ஹோட்டலில் விருந்து, நடனம். எல்லோரும் ஜோடியாக, பழங்காலத்து ராஜா ராணி வேடத்தில் வரவேண்டும்.

“நம்ம விஷயத்தை ஆபீஸ்ல சொல்லலையா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“எப்ப சொல்லப்போறீங்க?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், “இந்த ஒரு தடவை வா சுகந்தி. அப்புறம் எதுக்கும் கூப்பிடமாட்டேன்” என்றார்.

பதவி உயர்வு விஷயமாக இருக்கும். நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

டிசம்பர் 4, புதன்

வக்கீல் போன் செய்தார். ஆகஸ்டில் போட்ட மனு பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு வருகிறது. இருவரும் மறுபடி போய் நின்று சம்மதம் என்று சொன்னால் விவாகரத்து. அதுவரை இதே வீடுதான். அவருக்கு முன்னறை, எனக்குப் படுக்கையறை.

மனு எழுதும்போது வக்கீல் காரணம் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. “ஒத்துப்போகலைன்னு எழுதிக்கறேன்” என்று அவரே எழுதிக்கொண்டார்.

ஆறு வருடம் நான் நாமக்கல், திருப்பத்தூர் கிளைகளில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த வீட்டுக்கு வருவேன். போன வருடம் ஓசூருக்கே மாற்றல் கிடைத்தது. வந்து பார்த்தால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. குழந்தையும் இல்லை. வைத்தியத்தை நிறுத்தி வெகுநாளாகிறது. ஒரு ஞாயிறு துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டேன், பிரிந்துவிடலாமா என்று. அவர் சரி என்றார். பிறகு மடித்த துணியை அலமாரியில் வைத்தோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே பன்னிரண்டு வயசு வரைக்கும்தான் ராஜா இருக்கிறாராம். வீட்டில்தான் தைக்க வேண்டும்.

எந்தக் காலத்து ராஜா என்று பார்க்கப் பழைய படங்களைத் தேடினேன். கல்யாணமான வருடம் மதுரை போனபோது எடுத்த ஒன்று கிடைத்தது. தூணுக்கு முன்னால் நாங்கள் நிற்கிறோம். பின்னால் நாயக்கர் காலத்து ராஜா ஒருவரும் ராணியும் கல்லில் கைகூப்பி நிற்கிறார்கள். கம்ப்யூட்டரில் போட்டு, எங்களைத் தாண்டிப் பெரிதாக்கினேன். ராஜாவுக்கு நீளக் குல்லா, இடுப்பில் குத்துவாள், மார்பு நிறைய மாலைகள், கீழே கொசுவம் கொசுவமாக ஆடை. ராணிக்குப் பக்கவாட்டில் பெரிய கொண்டை. அவள் ஒட்டியாணம் எப்படி என்று தெரியவில்லை. என் தோள் மறைக்கிறது.

ராஜாவுக்கு நல்ல தொந்தி. அது ஒன்று மட்டும் நம் வீட்டில் தயாராக இருக்கிறது.

இதை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அளவெடுத்தேன். கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பு நாற்பத்தொன்று. டேப்பைச் சுற்றிக் கொண்டுவர அவருக்கு மிக அருகில் போக வேண்டியிருந்தது. சோப்பை மாற்றியிருக்கிறார். எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை.

பழைய பெட்டியிலிருந்து ரவிக்கைத் துணிகளை எடுத்தேன். கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று போன இடத்திலெல்லாம் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தவை. தைக்காமலே சேர்ந்து கிடக்கின்றன. சிவப்பு நான்கை ஒட்டுப் போட்டால் ராஜாவின் மேல்துணி வந்துவிடும். 

டிசம்பர் 17, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

குல்லா முடிந்தது. மாதக் காலண்டரின் பின் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, மேலே சிவப்புத் துணியை ஒட்டினேன். பார்க்க ஐஸ்கிரீம் கூம்பைக் கவிழ்த்தது போல இருந்தது. சரிகை இல்லாததுதான் காரணம். கடையில் விற்கும் சரிகை மஞ்சளாகப் பளபளக்கிறது. கிட்டத்தில் பிளாஸ்டிக் என்று தெரிகிறது.

பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்தேன். அரக்கு நிறம், கையகலக் கரை.

முன்னறை வாசலில் நின்று, “இதை வெட்டலாமா?” என்று கேட்டேன்.

செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார். புடவையைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

“உன் புடவை” என்றார்.

“கரை மட்டும்தான் வேணும். மீதியை நான் கட்டிக்கிறேன், ராணிக்கு.”

“சரி.”

தரையில் விரித்து வெட்ட ஆரம்பித்தேன். தையல் கத்தரிக்கோல் சரிகையில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் இழை பிரிகிறது. அவர் எழுந்து போய்ச் சமையலறைக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். பிறகு மறுமுனையில் உட்கார்ந்து துணியை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். நான் வெட்டிக்கொண்டே அவர் பக்கம் நகர்ந்தேன். முடியும் இடத்தில் அவர் விரலை எடுத்தார்.

“நேராத்தான் வந்திருக்கு” என்றார்.

ஆமாம். நேராகத்தான் வந்திருந்தது.

டிசம்பர் 23, திங்கள்

சேலம் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாள் முழுக்க நகை வேலை. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகளின் தங்க நிற அட்டை ஒட்டியாணமாகவும் தோளில் கட்டும் வங்கியாகவும் ஆயிற்று. படத்தில் ஒட்டியாணம் தெரியாததால் நானே ஒரு மாதிரி போட்டுக்கொண்டேன். கொலுவுக்கு வாங்கிய முத்துச் சரங்கள் ராஜாவுக்கு. திரைச்சீலை வளையங்கள் இரண்டு என் காதுக்கு, நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். கொண்டைக்குள் அடைக்க அவருடைய கறுப்பு சாக்ஸ் ஒரு ஜோடி, உள்ளே பஞ்சு.

குத்துவாளை அவர் செய்கிறேன் என்றார். உடைந்த பீரோவின் பித்தளைக் கைப்பிடியை மரஸ்கேலில் திருகாணி போட்டு இணைத்தார். இடுப்பில் செருகினால் பிடி மட்டும்தான் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. செய்யும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

மதியம் தயிர் சாதம். நான் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவரே பிசைந்து கிண்ணத்தில் போட்டு அருகில் வைத்தார். 

ஜனவரி 1, புதன்

விடுமுறை. பக்கத்து வீட்டில் கேக் கொடுத்தார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

போட்டுப் பார்த்தோம். கண்ணாடி முன் இரண்டு பேரும் நின்றபோது அவர் கைகூப்பினார், படத்தில் இருப்பது போல. நானும் கூப்பினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். குக்கர் விசில் அடித்தது.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். காலையிலிருந்து தள்ளிப்போட்டேன். துணி துவைத்தாயிற்று, மாவு அரைத்தாயிற்று.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போதே குல்லா கார்க் கூரையில் இடித்துக் கொஞ்சம் சரிந்தது. உள்ளே ஐம்பது அறுபது ராஜா ராணிகள். பாதிப் பேர் வாடகைக் கிரீடம். மேடையில் வாத்தியக்காரர்கள் வெள்ளைக்காரப் பாட்டு வாசித்தார்கள். ஒரு ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவருடன் வேலை பார்க்கும் கேசவமூர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு யாரையோ கையசைத்துக் கூப்பிட்டார். அவருடைய மனைவி ரேணுகா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளை நான் பார்த்ததே இல்லை.

“மேடம், கடைசியில உங்களைப் பாத்துட்டேன். எங்க வீட்டுல தினமும் உங்க பேச்சுதான்.”

“என் பேச்சா?”

“இவர் சாயங்காலம் வந்ததும் நான் கேக்கற முதல் கேள்வியே, இன்னைக்குத் தயாளன் சார் வீட்டு மேடம் என்ன சொன்னாங்க, அதுதான்.”

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள், ரொம்ப நாள் பழக்கம் போல.

“அந்த மிக்ஸி மேட்டர் சொல்லுங்க மேடம், உங்க வாயால கேக்கணும்” என்றார் ஒருவர்.

நான் தயாளனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேணுகாவே சொன்னாள். மிக்ஸி சரியாக ஓடாமல் தகராறு செய்ததாம். நான் சொன்னேனாம்: “இதுவும் உங்களை மாதிரிதாங்க, மூணு தடவை அழுத்தினாத்தான் வாயைத் திறக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் குறட்டைக் கதையைச் சொன்னார். தயாளனின் குறட்டையைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்புகிறார் என்று நினைத்து நான் கேட்டைத் திறந்துவிடப் போனேனாம். கேசவமூர்த்தி சட்டைக் கதையைச் சொன்னார். கடையில் பொம்மைக்குப் போட்டிருந்த சட்டையைத் தயாளன் ஆசைப்பட்டு வாங்கினாராம். வீட்டில் போட்டுக் காட்டியதும் நான் சொன்னது: “பொம்மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குத் தலை இல்லையே.”

மிக்ஸி வாங்கியது போன வருடம். அதைப்பற்றி நான் எதுவுமே சொன்னதில்லை. குறட்டை எனக்குக் கேட்பதில்லை, நடுவில் இரண்டு கதவு.

“எங்க எல்லாருக்கும் பொறாமை மேடம்” என்றாள் ரேணுகா. “இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் வீட்டுல இப்படிச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கறது.” பிறகு என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, “சார் குல்லாவுல இருக்கறதும் இதே சரிகையா? எங்க எடுத்தீங்க?” என்றாள்.

“பீரோவுல இருந்துச்சு” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

நடனத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. மற்றவர்களைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடினோம். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. குத்துவாளின் பிடி ஒவ்வொரு தடவையும் என் விலாவில் இடித்தது. அவர் “மன்னிச்சுக்கோ” என்றார். இடித்ததற்கா என்று நான் கேட்கவில்லை.

வேடத்துக்கு இரண்டாம் பரிசு எங்களுக்கு. ஆறு பேர் சாப்பிடும் டின்னர் செட். மேடையில் மைக்கை என்னிடம் நீட்டினார்கள். கீழே அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள். ரேணுகா முன்னால் வந்து நின்றாள். மேடம் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். உள்ளே தேடினேன். ஒன்றுமே இல்லை.

“நன்றி” என்றேன்.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காரில் திரும்பினோம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றிருந்தன. அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“மிக்ஸியைப் பத்தி நான் எதுவும் சொன்னதில்ல” என்றேன்.

“இல்ல.”

“குறட்டை?”

“அதுவும் இல்ல.”

“சட்டை?”

“அது நீ சொன்னதுதான். கல்யாணமான புதுசுல, தர்மபுரியில அம்மா வீட்டுல வெச்சு. உனக்கு ஞாபகமில்லையா?”

ஞாபகம் இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. அவருடைய அம்மாவும் சிரித்தார்.

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. அவரும் கொஞ்சம் நகர்த்தினார்.

“முதல்ல எல்லாம் நீ சொன்னதைத்தான் சொல்லிட்டிருந்தேன் சுகந்தி. மத்தியானம் சாப்பிடும்போது எல்லாரும் ஏதாவது சொல்லுவாங்க, நானும் சொல்லுவேன். அப்புறம் நீ நாமக்கல் போயிட்ட. கொஞ்ச நாள்ல தீர்ந்துபோச்சு.”

“தீர்ந்ததும் நிறுத்தியிருக்கலாமே.”

“கேப்பாங்க. இன்னைக்கு மேடம் என்ன சொன்னாங்கன்னு.” பிறகு, “எனக்கும் கேக்கணும் போல இருக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்தோம். டின்னர் செட்டை டிக்கியிலேயே விட்டுவிட்டோம். கொண்டையை அவிழ்த்தபோது ஊசிகள் நிறைய வந்தன. சாக்ஸை அவர் அறை வாசலில் வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது.

ஜனவரி 17, வெள்ளி

நான் அவரிடம் ஒரு தடவைதான் கேட்டேன், பிரிந்துவிடலாமா என்று. மூன்று தடவை கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது ஏதாவது சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்ல அவருக்கு ஒன்று இருக்கட்டும் என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார்.

“சீயக்காய் தீர்ந்துபோச்சு” என்றேன்.

“வரும்போது வாங்கிட்டு வர்றேன்” என்றார். வாங்கியும் வந்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

மனைவி என்றால் என்ன பேசுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாகவே பேசவைத்திருக்கிறார். அந்த மேடத்தை எனக்கும் பிடித்திருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

சேலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மார்ச் முதல் தேதி சேர வேண்டும். கிளையில் வாழ்த்துச் சொன்னார்கள். அவரிடம் சொன்னேன். “சேலத்துல வெயில் ஜாஸ்தி” என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாத்திரங்களைப் பிரித்தோம். இட்லிக் குண்டானை அவர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். அது அடுப்பின் மேலேயே இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

ஒரே காரில்தான் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனோம். இரண்டு பேரும் தனியாகப் போவது வீண் செலவு என்று அவர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வராந்தாவில் வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி அழுகிறாள் என்று கவனித்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“ஆறு மாசம் டைம் இருந்ததே, மறுபடி யோசிச்சுப் பாத்தீங்களா?”

தயாளன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்திருக்கலாம். எழுத்தர் தலையைத் தூக்கினார்.

“யோசிச்சோம் சார்” என்றேன்.

“யாரும் கட்டாயப்படுத்தலையே?”

“இல்ல சார்.”

“நீங்க?”

“இல்ல சார்” என்றார் அவர்.

காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் வக்கீல் பழக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கைகொடுத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

மணி ஒன்றரை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. எதிரில் ஒரு மெஸ் இருந்தது. போனோம். இலை போட்டார்கள். சாம்பாரில் உப்புத் தூக்கல். கத்தரிக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. அவர் தன் இலையில் இருந்ததை என் பக்கம் தள்ளப் பார்த்து, பாதியில் கையை எடுத்துக்கொண்டார். நானே எடுத்துக்கொண்டேன்.

ரசம் சாப்பிடும்போது பரிமாறுகிறவர் வந்து கேட்டார்: “பில் ஒண்ணாவா, தனித்தனியாவா?”

“தனித்தனியாத்தாங்க” என்றேன். “இப்பத்தான் ஜட்ஜே சொல்லி அனுப்பினாரு.”

அதைச் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. பரிமாறுகிறவருக்குப் புரியவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார். தயாளனுக்குப் புரைக்கேறிவிட்டது. இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு கையால் இலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். 

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இதை நாளைக்கு ஆபீஸ்ல சொல்லலாமா?”

அதைச் சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்டுக்கு வந்ததை, ஆகஸ்டை, இரண்டு அறைகளை, எல்லாவற்றையும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டார்.

“சொல்லுங்க” என்றேன்.

தலையசைத்தார். மோர் வந்தது. இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம்.